ஒல்லாந்தர் துறைகளும் மலைநாடும்

ஒல்லாந்து தேசத்திற்குச் செல்வோர் காண விழையும் பெருந்துறைமுகம் ரொட்டர்டாம். 1940ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி ஜேர்மானியரின் குண்டுவீச்சினால் அந்நகரின் நடுப்பகுதி அழிந்தது. அவ்வழிவின்மேல் எழுந்த புதுநகருக்கு அண்மையிலேயே, கால்வாய்களும் பழைய தேவாலயங்களும் பொலியும் டெல்ப்ற் நகரம் பழமை குன்றாது விளங்குகின்றது. இப்பெயர்கள் நமக்குப் புதியன அல்ல. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் அனலைதீவை ரொட்டர்டாம் என்றும், நெடுந்தீவை டெல்ப்ற் என்றும் வழங்கினர்.

புதுத்துறையும் பழநகரும் அருகருகே அமைந்த இத்தகைய காட்சியை ஐரோப்பா சென்றுதான் காணவேண்டும் என்பதில்லை. நம் நாட்டுக் கொழும்பும், நீர்கொழும்பும், காலியும் அதனை நமக்குக் காட்டுவன. நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள மடுல்கெல்லையில் ஆசிரியத்தொழில் புரியும் யான், உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் இவ்வூர்களுக்குச் சென்று வந்தேன். தோட்டத்துப் பிள்ளைகளான அவருட் பலர் அதற்குமுன் கடலைக் கண்டிலர்.

கொழும்பை 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயரிடம் அதனை இழந்தனர். அந்நூற்று நாற்பது ஆண்டுகளின் எச்சங்களுள் தலையாயது, 1749இல் தொடங்கி 1757இல் நிறைவெய்திய வுல்வெண்டால் தேவாலயம். கோட்டைப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்த ஒல்லாந்தர் மருத்துவமனை, இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த இடமாகிவிட்டது. அதற்கப்பால், கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் பரப்பில் ஆக்கப்பட்ட துறைமுக நகரமும், 18 மீற்றர் ஆழமுள்ள தென்துறையில் அடுக்கடுக்காய் நிற்கும் கொள்கலன்களும் கண்ணைக் கவர்கின்றன.

வடக்கேயுள்ள நீர்கொழும்பில் எஞ்சியிருப்பது கோட்டை வாயிலும் மதிலின் ஒரு கூறுமே. வாயிலின்மேல் 1678 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. காயலையும் ஆறுகளையும் கால்வாய்களால் இணைத்து, ஒல்லாந்தர் இக்கரையோரமாகக் கறுவாவைப் படகிற் கொண்டுசென்றனர்.

காலியோ முழுமையாக நிற்கின்றது. ஒல்லாந்தர் 1640இல் கைப்பற்றிய அந்நகரின் பழைய வாயிலில் 1669 என்னும் ஆண்டையும் சேவற்சின்னத்தையும் காணலாம். 1755ஆம் ஆண்டுத் தேவாலயமும், வீதிகளின் கீழ்க் கடலலையாற் கழுவப்படும் வண்ணம் அமைந்த கழிவுநீர் வழிகளும் வியப்பூட்டுவன. 1988இல் அக்கோட்டை உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. காலியின் பழமை எவ்வாறு தப்பியது? 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, அவ்வணை 1885இல் முடிந்தபின், பெருங்கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்பை நாடின. வணிகம் கைவிட்டதனாலேயே இடித்துக் கட்டவேண்டிய தேவை காலிக்கு நேரவில்லை. இழப்பே காப்பாயிற்று என்க.

காலி மதில்மேல் நின்றபோது மாணவர் ஒருவர் வினவினார்: "ஐயா, கடல்வழி வரும் பகைவருக்கு அஞ்சியவர், தரைப்பக்கத்தில் ஏன் இத்துணைப் பருத்த மதில் கட்டினர்?" நல்ல வினா. சூரியன், சந்திரன், நட்சத்திரம் எனப் பெயர் பூண்ட மூன்று பெருங்கொத்தளங்களும் தரையை நோக்கியே நிற்கின்றன. கடற்புறத்தைப் பாறைகள் காத்தன. தரைப்புறத்தே கண்டியரசன் இருந்தான்.

இவ்விடத்தேதான் துறைமுகத்தின் வரலாறு மலைநாட்டின் வரலாறாகின்றது. 1638இல் இரண்டாம் இராசசிங்கன், போர்த்துக்கேயரை அகற்றும் பொருட்டு ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். அவர்களோ, போர்த்துக்கேயரை அகற்றித் துறைகளைத் தமதாக்கிக் கொண்டனர். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்பர் சிங்களர். 1765இல் கண்டி மாநகர் ஒல்லாந்தர் படையெடுப்புக்கு உள்ளாயிற்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கண்டியரசு கரையோரம் முழுவதையும் இழந்தது.

எனினும் கறுவா பெரும்பாலும் கண்டியரசனின் காடுகளிலேயே விளைந்தது. அரசன் மறுப்பின் வணிகம் நின்றுவிடும். ஆதலின், 1765 முதல் 1785 வரை ஆண்ட தேசாதிபதி பால்க் என்பார் கொழும்பு மருதானையிற் கறுவாவைத் தோட்டப்பயிராக்கினார். கறுவாத்தோட்டம் என்று நாம் இன்றும் வழங்கும் பகுதி அதன் நினைவே. காட்டுப்பொருளைத் தோட்டப்பொருளாக்கி, ஏற்றுமதிக்கென்றே விளைவிக்கும் முறை இந்நாட்டில் அவ்வாறு வேரூன்றியது. பின்வந்த ஆங்கிலேயர் அம்முறையை மலைக்கு ஏற்றிக் கோப்பியும் தேயிலையும் பயிரிட்டனர். 1867இல் கொழும்பையும் கண்டியையும் இணைத்த புகையிரதப் பாதை கோப்பியைத் துறைக்கு இறக்கவே இடப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் உழைப்பும் அதே பாதைவழியே கடலைச் சேர்ந்தது.

பழைய மதில்களைக் காண்போர், இவற்றை எழுப்பியவர் ஒல்லாந்தர் என்று கூறி அமைவர். கல் சுமந்தவர், கறுவா உரித்தவர் ஆகியோர் பெயர்கள் வாயில்களில் இல்லை. 1409ஆம் ஆண்டுச் சீனக் கடற்றலைவன் செங் ஹோ தமிழிலும் பொறிப்பித்த மும்மொழிக் கல்வெட்டு, 1911இற் காலியில் வடிகால் மூடியாகக் கிடந்த நிலையிலன்றோ கண்டெடுக்கப்பட்டது! கவிழ்ந்து கிடந்தமையால் அக்கல் பேசாதிருந்தது. புரட்டிப் பார்த்தபின் பேசியது.

திரும்பும் வழியில், துறைமுகத்துக் கொள்கலன்களை நோக்கி அம்மாணவர், "நம் தோட்டத்துக் கொழுந்தும் இவற்றுள் இருக்குமோ?" என்றார். இருக்கும் என்றேன். துறைமுகம் நமக்கு அந்நியமான காட்சியன்று; நம் தாய்மார் கிள்ளும் கொழுந்தின் வழிமுடிவு அது. இவ்வுண்மையை நம் மாணவர் பாடநூலிற் படிப்பதோடு அமையாது, நேரிற் கண்டும் உணர்தல் வேண்டும். மலைப்பள்ளி ஒவ்வொன்றும் தன் மாணவரை ஒருமுறையேனும் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுமாக.