யாழினி... பெயர் அழகு, ஸ்பெல்லிங்தான் தலைவலி!

பெங்களூரிலோ புனேயிலோ ஓர் எல்.கே.ஜி வகுப்பு. மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். ஆரவ், தியா, மித்ரன் என்று மடமடவென ஓடிய பட்டியல், ஒரு பெயரில் முட்டி நிற்கிறது. "யாஸினி? யாஜினி?" மூன்றாவது பெஞ்சில் இருக்கும் நம்ம ஊர்ப் பாப்பாவுக்கு, கூப்பிடுவது தன்னைத்தான் என்றே தெரியாது. வீட்டில் அவள் யாழினி.

ஒரு தலைமுறைக்கு முன்பு அபூர்வமாகக் காதில் விழுந்த பெயர் இது. இன்று 'ஷ', 'ஸ' இல்லாமல் சின்னதாக, தமிழாகப் பெயர் தேடும் பெற்றோருக்குச் சட்டென நினைவுக்கு வருகிறது. யாழ் என்ற பழந்தமிழ் நரம்புக் கருவியிலிருந்து பிறந்த பெயர். அதற்காகச் சங்ககாலப் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கப் புலவர்கள் பட்டியலில் யாழினி என்று யாரும் இல்லை. பாணர் குடியில் பாடும் பெண்ணுக்குப் 'பாடினி' என்று பெயர்; யாழினியும் அந்தச் சாயலில்தான் ஒலிக்கிறது.

சிக்கல், நடுவில் உட்கார்ந்திருக்கும் 'ழ'.

ஆங்கிலத்தில் இதற்கு எழுத்து கிடையாது. வந்தவர்கள் அவரவர் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டார்கள். ஆலப்புழா 'அலெப்பி' ஆனது, சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனது. ஓரிடத்தில் ழ காணாமலே போனது, இன்னோரிடத்தில் ர ஆனது! இப்போது நாம் போடும் இசட்-ஹெச், நமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. தமிழோ மலையாளமோ தெரியாதவருக்கு அது விளங்காது. கனிமொழியின் பெயர் இந்திச் செய்திகளில் 'கனிமோஜி' போல ஒலிப்பது இதனால்தான். தமிழிசை சௌந்தரராஜன் தன் பெயரை 'எல்' போட்டு எழுதுகிறார். பழனி ஊருக்கும் எல்தான். 2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் ஈழத்து நாயகி யாழினிக்கும் எல்தான்.

எல் போட்டால் யாரும் தயங்காமல் 'யாலினி' என்பார்கள்; ழ போய்விடும். இசட்-ஹெச் போட்டால் நம்மவர்கள் சரியாகப் படிப்பார்கள், மற்றவர்கள் தடுக்கி விழுவார்கள். 'யாலினி'யாவது ழ-வுக்குப் பக்கத்து வீடு, 'யாஜினி' வேறு தெரு. குழந்தை வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ வளரும் என்றால் எல் வசதி. இங்கேயே என்றால் இசட்-ஹெச்சில் தவறில்லை. எண்கணிதத்துக்காக இடையில் இன்னொரு 'ஏ', கடைசியில் இன்னொரு 'ஐ' என்று சேர்ப்பதுதான் வம்பு.

ஏனென்றால், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். குழந்தை பிறந்த 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் பெயரைப் பதியலாம். அன்று எழுதும் ஸ்பெல்லிங்கே ஆதாரிலும் பள்ளியிலும் இருக்கட்டும். மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், அலையப்போவது நீங்கள்தான்.

சரி, வெளியூர்க்காரர்களை விடுங்கள். நாம் ஒழுங்காகச் சொல்கிறோமா? மதுரைப் பக்கம் பலருக்கு அவள் 'யாளினி'. சென்னையின் பழைய பேச்சில் வாழைப்பழமே 'வாயப்பயம்'. பெயரிலேயே யாழை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழ, ள ஆகிவிடுகிறது.

நாக்கு நுனியை மேலே தூக்கி, உள்நோக்கி வளைத்து ஒலியை விடுங்கள். அண்ணத்தில் அழுந்த ஒட்டினால் அது ள. தொல்காப்பியம் ழ-வின் பிறப்பை ர-வோடு சேர்த்துத்தான் சொல்கிறது, ல-வோடு அல்ல. அமெரிக்கர் ஒருவர் 'கார்' என்று சொல்லும்போது கடைசியில் வளைகிற ஒலி, நம் ழ-வுக்கு ரொம்பவே நெருக்கம். வெளிநாட்டுத் தோழிக்கு யாழினியைச் சொல்லித்தர அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

குட்டி யாழினிகளுக்கு இன்னொரு விஷயம். ர, ழ எல்லாம் குழந்தைகளின் நாக்குக்குத் தாமதமாகவே வரும். மூன்று வயதில் பெயரைக் கேட்டால் "யாயினி" என்று சொல்வது சகஜம்தான், கவலை வேண்டாம். ஆனால் கொஞ்சலாக இருக்கிறதே என்று பாட்டியும் தாத்தாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டால், அவள் 'ழ'வை எங்கே கேட்பாள்?