குழல்வாயில் குண்டிட்டால் மட்டும் பழைய துப்பாக்கி ஆகிவிடுமா?

‘நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்’ என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டையோ ரவையையோ போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. அமெரிக்காவில் இந்த வகைக்கு மஸில்லோடர் என்று பெயர். அங்கே மான் வேட்டை மாநில அரசின் உரிமச்சீட்டோடு நடக்கும் சட்டபூர்வமான காரியம். பல மாநிலங்கள் மஸில்லோடருக்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியிருக்கின்றன. ஒருமுறை சுட்டால் மறுமுறை மருந்திட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், வெண்புகை எழுந்து மானையே மறைத்துவிடும், உருண்டைக் குண்டு நூறு கஜத்தைத் தாண்டினால் வேகம் இழந்துவிடும். இப்படிச் சுடுபவரால் அதிக மான்களைக் கொல்ல முடியாது என்பதால்தான் கூட்டமில்லாத நாட்களை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். இன்று தனி ஆர்டரின் பேரில் செய்யப்படும் நெடுந்தூர மஸில்லோடர்கள் 300 கஜத்துக்கு அப்பாலும் குறி தவறாமல் அடிக்கின்றன. குண்டு எந்த முனை வழியாக உள்ளே போகிறது என்பதை வைத்து ஒரு துப்பாக்கிக்குத் தனிப் பருவம் தரக்கூடாது, அது எந்த எல்லைக்குள் வேட்டைக்காரரை நிறுத்துகிறது என்பதை வைத்தே தரவேண்டும் என்பது என் வாதம்.

இத்தகைய துப்பாக்கியை உருவாக்குபவர் செய்வதைக் கிட்டே நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். பழைய துப்பாக்கியில் உருண்டை ஈயக்குண்டைத் துணியில் பொதிந்து இறக்குவார்கள். அதற்கேற்பக் குழலின் உட்புறத் திருகுவரிகள் 48 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகத் திரும்பும். நெடுந்தூரத் துப்பாக்கிக்கு வேண்டியது நீண்டு கூர்ந்த குண்டு. அது காற்றில் தள்ளாடாமல் போக வேகமாகச் சுழல வேண்டும் என்பதால், .45 அங்குலக் குழலில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று அல்லது அதற்கு நெருக்கமான திருகைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு குண்டையும் ஓர் எஃகு அச்சின் வழியாக அழுத்தி, அந்தக் குறிப்பிட்ட குழலுக்கே அளவெடுத்ததுபோல் இழைக்கிறார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருத்தாலும் குண்டு பாதியில் நின்றுவிடும். அவ்வளவு மெலிந்தால் மருந்தின் மேல் உட்காராமல் நழுவும். கம்பியால் தள்ளும்போது ஒரே சீரான அழுத்தத்தில் வழுக்கி இறங்க வேண்டும், அந்த நயத்தைக் கைதான் அறியும். குழலின் பின்புறத்தை மறைத் திருகு கொண்ட எஃகு அடைப்பான் மூடுகிறது. அதன் நடுத்துளை வழியாகப் பிரைமர் என்னும் தீமூட்டியின் தீ நேர்கோட்டில் மருந்துக்குள் பாய்கிறது. டோனி நைட் 1985-இல் மிசூரியில் வடிவமைத்த எம்கே-85 துப்பாக்கி இந்த நேர்கோட்டுத் தீமூட்டலைப் பரவலாக்கியது. சிலர் இன்னும் ஒரு படி போய், கருமருந்துக்குப் பதில் நவீன ரைஃபிள்களின் புகையில்லா மருந்துக்கே குழலைக் கட்டுகிறார்கள். அதற்கென்று கட்டப்படாத மஸில்லோடரில் அந்த மருந்தை இட்டால் அழுத்தம் தாங்காமல் குழலே வெடிக்கும். உச்சியில் தொலைவுக்கேற்பத் திருப்பும் குமிழ்கள் கொண்ட ஸ்கோப்பையும் பொருத்தினால் வேலை முடிந்தது. ஈரத்தில் நமுத்துப்போவது, புகை, குறுகிய எட்டு ஆகிய மூன்றும் போய்விட்டன. மிச்சம் இருப்பது மறுமுறை மருந்திடும் தாமதம் மட்டுமே.

இதை நவீன காலத்தின் ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு வரலாற்றுக்குப் பொருந்தாது. ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் உருவாக்கிய அறுகோணத் துளைத் துப்பாக்கி .451 அங்குலம், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்றைய தனிக்கட்டுத் துப்பாக்கிகளின் அளவுக்கு அவ்வளவு அருகில் அவர் அன்றே வந்திருந்தார். 1860 ஜூலையில் விம்பிள்டன் துப்பாக்கிச் சுடும் போட்டியைத் தொடங்கிவைக்க விக்டோரியா அரசி 400 கஜ இலக்கை நோக்கிச் சுட்டதும் விட்வொர்த் துப்பாக்கியில்தான். 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் கிரீட்மோரில் நடந்த சுடும் போட்டியில் அயர்லாந்து அணி ரிக்பி மஸில்லோடர்களோடு நின்றது. எதிரே அமெரிக்க அணியிடம் பின்வழித் தோட்டாத் துப்பாக்கிகள். 800, 900, 1000 கஜங்களில் சுட்டு முடித்தபோது அமெரிக்கர்கள் 934 புள்ளி, அயர்லாந்துக்காரர்கள் 931. அதிலும் ஓர் அயர்லாந்து வீரர் அடுத்தவர் இலக்கில் சுட்டுப் புள்ளியை இழந்திருந்தார். ஆகவே வாய்வழி மருந்திடுவதால் ஒரு துப்பாக்கி தானாகவே குறுந்தூரத்துக்கு அடங்கிவிடாது. அந்த எல்லை அன்றைய வேட்டைக்காரரின் உருண்டைக் குண்டிலும் வெறுங்கண்ணிலும் இருந்தது. சட்டம் எழுதியவர்கள் துப்பாக்கியின் பெயரை எழுதிவிட்டு எல்லையை எழுதாமல் விட்டதுதான் பிசகு.

மேற்கு மாநிலங்களில் இந்தப் பிசகுக்கு விலை உண்டு. அங்கே மான் உரிமச்சீட்டு பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். எத்தனை சீட்டு கொடுப்பது என்பதை, சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் மானோடு திரும்புவார்கள் என்ற கணக்கை வைத்தே வனவிலங்குத் துறை முடிவு செய்கிறது. துப்பாக்கியின் எட்டு கூடினால் வெற்றி கூடும், வெற்றி கூடினால் சீட்டு குறையும். பழைய முறையில் நெருங்கிப் போகத் தயாராக இருப்பவரும் அதனால் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். கொலராடோவின் மஸில்லோடர் பருவம் செப்டம்பரில் ஒன்பதே நாள், ரைஃபிள்காரர்களின் முக்கியப் பருவங்களுக்கு முன்னால் வருவது. அந்த நாட்களில் ஸ்கோப், புகையில்லா மருந்து, வில்லை மருந்து, பிளாஸ்டிக் உறையிட்ட குண்டு எதுவும் அங்கே கூடாது. ஐடஹோ தீமூட்டும் பகுதி மழைக்கும் காற்றுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. யூட்டா 2016-இல் உருப்பெருக்கும் ஸ்கோப்பை அனுமதித்துப் பார்த்துவிட்டு 2024-இல் விலக்கிக்கொண்டது. சரியான திருத்தம் என்றே நினைக்கிறேன்.

நுட்பமாகச் செய்த துப்பாக்கியால் மான் துடிக்காமல் சாகும், அதைத் தடுப்பது இரக்கமாகுமா என்ற கேள்வி வலுவானது. நூறு கஜத்தில் அது உண்மை. அங்கே நல்ல குழலும் அளவான குண்டும் மானுக்குச் செய்யும் உபகாரம் பெரிது. 300 கஜத்தில் கணக்கு மாறுகிறது. நொடிக்கு 2400 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு அவ்வளவு தூரம் போக அரை நொடிக்குச் சற்றே குறைவான நேரம் எடுக்கும். அதற்குள் மேய்ந்துகொண்டே நடக்கும் மான் ஓர் அடிக்கு மேல் நகர்ந்துவிடும். மணிக்கு பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று குண்டை ஏறத்தாழ ஓர் அடி ஒதுக்கிவிடும். மானின் நெஞ்சறையில் குண்டு பட வேண்டிய இடமோ எட்டு அங்குல வட்டம். மேசையில் ஊன்றி, காற்றாடிக் கொடியைப் பார்த்துச் சுடும்போது துப்பாக்கி காட்டும் துல்லியம், பள்ளத்தாக்கின் நடுவில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாத இடத்தில் உதவாது. குண்டு வயிற்றில் பட்டு மான் ஓடினால், 300 கஜம் நடந்து போய் அது நின்ற இடத்தையும் முதல் ரத்தத் துளியையும் புல்லுக்குள் தேடுவது எவ்வளவு கடினம் என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்க்க வேண்டும். மறுகுண்டுக்கான தாமதம் அப்போது மானின் வேதனையை நீட்டும்.

மத்திய மேற்குச் சமவெளிகளின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இல்லினாய், ஒஹாயோ, அயோவா போன்ற மாநிலங்களில் வீடுகளும் வயல்களும் நெருங்கிக் கிடப்பதால், தொலைதூரம் பாயும் ரைஃபிளுக்கு மான் வேட்டையில் நெடுங்காலம் இடமிருக்கவில்லை. ஷாட்கன் அல்லது மஸில்லோடர் என்ற நிலையில் வேட்டைக்காரர் மஸில்லோடரை மேம்படுத்தியதில் தவறில்லை. மான்கள் பெருகிப் பயிரைத் தின்னும் ஊரில் அது யாருடைய சீட்டையும் பறிக்கவும் இல்லை. ஆனால் நெடுந்தூர மஸில்லோடரின் குண்டும் தொலைதூரம்தான் போகும். ரைஃபிளைத் தடுத்த பாதுகாப்புக் காரணம் அதற்கும் பொருந்தும். மேலும் ஒஹாயோ 2014-இலும் இல்லினாய் 2023-இலும் குறிப்பிட்ட தோட்டா ரைஃபிள்களை அனுமதித்துவிட்டதால், அந்தப் பழைய தேவையும் குறைந்துவிட்டது.

ஸ்கோப் இல்லாவிட்டால் கண் மங்கிய முதியவர் என்ன செய்வார் என்பதும் நியாயமான கேள்வியே. மருத்துவச் சான்றோடு வருபவருக்கு விலக்குத் தர மாநிலங்களால் முடியும், தரவும் வேண்டும். மற்றவர்களுக்காக, தனிக்கட்டுத் துப்பாக்கி செய்பவர்களின் கைத்திறன் எல்லைக்குள்ளேயே இன்னும் நிறையச் செய்ய முடியும். பென்சில்வேனியாவில் 1974 முதல் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்று தனி மான் பருவம் உண்டு. இப்போது அது கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருகிறது. அந்தப் பனியில் கல்லின் விளிம்பு எஃகில் சரியாக உரசி, பொறி சிறு கிண்ணத்தில் விழுந்து, மருந்து தாமதமில்லாமல் பற்ற வேண்டும். அப்படிப் பற்றும் ஒரு விசையமைப்பைச் செய்வது, 300 கஜத் துப்பாக்கிக்குக் குண்டை இழைப்பதற்கு எவ்விதத்திலும் குறைந்த வேலை அல்ல.