பாம்புக்குக் கால் எங்கே போயிற்று?

"பாம்பின் கால் பாம்பறியும்" என்பது பழமொழி. ஏதோ பேச்சுக்காகச் சொன்னது என்று நினைக்க வேண்டாம். மலைப்பாம்புக்கு உண்மையிலேயே கால் இருக்கிறது!

செம்பனைத் தோட்டத்தில் எலி தேடி வரும் மலைப்பாம்பைப் பிடித்தால் அதன் நீளத்தை அளப்பார்களே தவிர, அடிவயிற்றை யாரும் பார்ப்பதில்லை. வால் தொடங்கும் இடத்தில், கழிவுத் துவாரத்தின் இரு பக்கமும் சேவல் முள் போன்ற சிறு நகம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் பாம்பு இணை சேரும்போது பெண் பாம்பை வருடுவதற்கு அதைப் பயன்படுத்துகிறது. தோலுக்குள்ளே இடுப்பெலும்பும் தொடை எலும்பும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன.

பாம்பின் முன்னோர் பல்லி இனத்தைச் சேர்ந்தவை. அர்ஜென்டினாவில் கல்லாகிக் கிடந்த 'நஜாஷ்' என்ற பாம்பைப் பற்றி 2006-இல் வெளியிட்டார்கள். 9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பாம்புக்கு இரண்டு பின்னங்கால்கள் இருந்தன.

அப்படியானால், கால் செய்யும் மரபணு பாம்பிடம் தொலைந்துவிட்டதா? இல்லை. அங்கேதான் வேடிக்கை! கை கால் வளர்வதற்கு வேண்டிய முக்கியமான மரபணு ஒன்றுக்கு, விளையாட்டுப் பிள்ளைகள் போல, 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்று வீடியோ விளையாட்டு நாயகனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதே மரபணுதான் கருவில் மூளையும் முதுகுத்தண்டும் ஒழுங்காக உருவாகவும் வேண்டும். அதை இழந்தால் பாம்பே பிழைக்காது.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரே ஜெனரேட்டரிலிருந்து எல்லா லயத்துக்கும் விளக்கு எரிந்ததல்லவா? ஒரு வீட்டின் சுவிட்சு கெட்டால் அந்த வீடு மட்டும் இருட்டாகும். மரபணுவுக்கும் இப்படி உறுப்புக்கு ஒரு சுவிட்சு உண்டு. காலுக்கான சுவிட்சு, மனிதரில் அந்த மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. மலைப்பாம்பின் கருவில் கால் மொட்டு எழும்பத்தான் செய்கிறது. ஆனால் சுவிட்சு சிறிது நேரம் மினுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது.

2016-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு வேறு பிராணிகளின் சுவிட்சைப் பொருத்திப் பார்த்தார்கள். மனிதருடையதை வைத்தார்கள், கால் வளர்ந்தது. மீனுடையதை வைத்தார்கள், அப்போதும் வளர்ந்தது. பாம்பினுடையதை வைத்தபோது கால்கள் வெறும் குட்டை மொட்டுகளாக நின்றுவிட்டன! பாம்பின் சுவிட்சில் 17 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அவற்றை மட்டும் திரும்பச் சேர்த்ததும் எலிக்குக் கால் வந்துவிட்டது. கதை இந்த 17 எழுத்தோடு தீர்ந்துவிடவில்லை. நாகம் போன்றவற்றில் சுவிட்சு இன்னும் மோசமாகச் சிதைந்திருக்கிறது.

இதே சுவிட்சு நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே கட்டைவிரல் பக்கம் இன்னொரு விரல் முளைப்பது உண்டு. எல்லா ஆறாம் விரலுக்கும் இதுவே காரணம் அல்ல. ஆனால் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வருகிறது. பிள்ளை ஆறு விரலோடு பிறந்தால், "கிரகணத்தன்று காய் நறுக்கினாயா?" என்று தாயை வாட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. கிரகணத்துக்கு இதில் வேலையே கிடையாது. மாறிய எழுத்து தாய் வழியாக வருவது போலவே தகப்பன் வழியாகவும் வரும். மருமகளைக் கேட்பதற்கு முன்னால் மாமியார் தம் வீட்டுக் கைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.