25,000 வோல்ட் வேலை! காவாந்தண்டலத்திலிருந்து லோகோ ஷெட்டுக்கு என்ன ரூட்?

காவாந்தண்டலத்தில் ரயில் ஓடாது. பஸ் பிடித்து காஞ்சிபுரம் வந்து, அங்கே ரயிலேறினால் திருமால்பூர் தாண்டி அரக்கோணம். மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட் அங்கேதான் இருக்கிறது. ராயபுரத்திலும் ஈரோட்டிலும்கூட உண்டு. உத்திரமேரூர் பக்கம் ஐடிஐ முடித்தவர்களிடம் கேட்டால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளைத்தான் சொல்வார்கள். லோகோ எலக்ட்ரீஷியன் என்றொரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

அப்படி என்ன வேலை?

நம்ம வீட்டு லைன் 230 வோல்ட். தண்டவாளத்துக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். இன்ஜின் தலையில் மடங்கி நிமிரும் பேன்டோகிராஃப் அதை இழுத்து டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். அது வோல்டேஜைக் குறைக்கும். பிறகு கன்வெர்ட்டர் வழியாக மோட்டார்களுக்குப் போகும். எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 இன்ஜினில் இப்படி 6 மோட்டார்கள், மொத்தம் 6,000 குதிரைத்திறனுக்கு மேல்.

பழைய டபிள்யூஏபி-4 வகையில் டிசி மோட்டார். கார்பன் பிரஷ் தேயும், மாற்றணும். இன்றைய த்ரீ ஃபேஸ் மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது. அதனால் ஸ்பேனர் வேலை கொஞ்சம் குறைந்து, இன்ஜினின் கம்ப்யூட்டர் பதிவு செய்த ஃபால்ட்டைப் படித்து, சர்க்யூட் படத்தை வைத்துத் தேடும் வேலை கூடிவிட்டது. ஐடிஐயில் டிராயிங் வகுப்புக்கு மட்டம் போடுகிறவர்கள் கவனிக்க!

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே இல்லை. பேன்டோகிராஃபை இறக்கி, அதன் சாவியை எடுத்து எர்த்திங் சுவிட்சில் போட்டுத் திருப்பினால்தான் ஹை வோல்டேஜ் பெட்டியைத் திறக்கும் சாவி வெளியே வரும். அவசரப்பட்டாலும் அந்த வரிசையை மீற முடியாத மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

பத்தாம் வகுப்பு, பிறகு 2 வருட ஐடிஐ எலக்ட்ரீஷியன். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் தனி. தனியார் ஐடிஐ என்றால், சேரும் முன்பே என்சிவிடி சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து, அப்ரன்டிஸ் பயிற்சி. தெற்கு ரயில்வே அறிவிப்பு வெளியிடும்போது விண்ணப்பிக்கணும். பரீட்சை இல்லை. பத்தாம் வகுப்பு, ஐடிஐ மார்க்கை வைத்தே பட்டியல் போடுவார்கள். பத்தாவதில் 50 சதவிகிதம் அவசியம். ‘எப்படியோ பாஸ் பண்ணினா போதும்’ என்று நினைத்தவர்கள் வருத்தப்படும் இடம் இதுதான்.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அப்ரன்டிஸ் முடித்தால் ரயில்வே வேலை உறுதி என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. உண்மை அது இல்லை. 1961-ம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி அது பயிற்சி மட்டும்தான். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல்-1 பணியிடங்களில் 20 சதவிகிதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் தேர்வு எழுதியே ஆகணும். அதனால் ஷெட்டில் இருக்கும்போதே சாயங்காலம் புத்தகத்தையும் திறப்பது நல்லது. பயிற்சி முடிந்து ‘கூப்பிடுவாங்க’ என்று வீட்டில் காத்திருந்தால் வயது ஓடிவிடும்.

நேரடி வழி, ஆர்ஆர்பி நடத்தும் டெக்னீஷியன் கிரேடு-3 தேர்வு. 90 நிமிடத்தில் 100 கேள்விகள், தமிழிலேயே எழுதலாம். தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு மார்க் போகும். அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், படிகள் தனி. 2024 அறிவிப்பில் முதலில் 9,144 இடங்கள், பிறகு 14,298 ஆக உயர்ந்தது. ஆனால் இப்படி ஓர் அறிவிப்பு வருடாவருடம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இதே ஐடிஐயை வைத்து அசிஸ்டன்ட் லோகோ பைலட் தேர்வும் எழுதலாம். அங்கே கண்ணாடி இல்லாமலே பார்வை துல்லியமாக இருக்கணும்.

‘ஷெட்டுல ஆள் இருக்கு, 3 லட்சம் கொடுத்தா முடிச்சுடலாம்’ என்று யாராவது அப்பாவிடம் பேச வந்தால், உடனே அனுப்பிவிடுங்கள். டெக்னீஷியன் தேர்வுக்கு ரயில்வே வாங்குவது 500 ரூபாய். தேர்வு எழுதினால் அதிலும் 400 ரூபாய் திரும்ப வந்துவிடும், வங்கிக் கட்டணம் மட்டும் கழியும். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 250 ரூபாய்தான், தேர்வு எழுதினால் அதுவும் திரும்பிவிடும்.