முதலையா, திமிங்கலமா? எலும்பு சொன்ன உறவு

சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இன்று செம்பனையாகிவிட்ட இடத்தில் என் பாட்டி வீடு இருக்கிறது. மழை விட்டதும் கால்வாய் ஓரமாக உடும்பு வரும். "முதலைக் குட்டி!" என்று நாங்கள் கத்துவோம். "முதலைக்கு இப்படி நாக்கு நீளுமா? நாக்கைப் பாருங்கடா" என்பார் பாட்டி. வகைப்பாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். பள்ளிப் புதிர்ப் போட்டியில் 'மோசசாரஸ் ஒரு டைனோசர்' என்று சொல்லி மதிப்பெண் இழந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அறிஞர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்கு அருகே, சுண்ணாம்புக் கல் வெட்டும் இடத்தில், 18-ஆம் நூற்றாண்டில் மிகப் பெரிய தாடை எலும்புகள் கிடைத்தன. சிலர் முதலை என்றார்கள். உடற்கூற்று அறிஞர் பெட்ரஸ் கேம்பர் 1786-இல் அதைத் திமிங்கலம் என்றார். தந்தை மறைந்த பிறகு அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்த மகன் ஏட்ரியன் கேம்பர், இது பல்லி இனம் என்று முடிவு செய்தார். பிரான்சின் குவியே 1808-இல் அதை உறுதிப்படுத்தினார். 1822-இல் வில்லியம் கொனிபேர் 'மோசசாரஸ்' என்று பெயரிட்டார். 'மியூஸ் ஆற்றுப் பல்லி' என்பது அதன் பொருள்.

எதை வைத்து இப்படிச் சொல்கிறார்கள்? மோசசாரஸின் கீழ்த்தாடை நடுவே ஒரு மூட்டு இருந்தது. வாயின் மேலண்ணத்திலும் பற்கள் இருந்தன. இவை முதலைக்கோ திமிங்கலத்துக்கோ இல்லாத அடையாளங்கள். பல்லி, பாம்பு இனங்களில் காணப்படுபவை. அதனால் அது ஊர்வன வகுப்பில், பல்லிகளும் பாம்புகளும் அடங்கும் வரிசையில், மோசசாரிடே குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. டைனோசர்கள் வேறு கிளை. மோசசாரஸுக்கு மிக நெருங்கிய உறவு உடும்பா, பாம்பா என்ற விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

தோற்றத்தைப் போலவே பெயரும் நம்மை ஏமாற்றும். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கடற்படிவுப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்புகளுக்கு, 1879-இல் ரிச்சர்ட் லைடெக்கர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டினார். இக்தியோசாரஸ் என்றால் மீன்பல்லி. ஆனால் அது மீனும் இல்லை, பல்லியும் இல்லை; கடலுக்குத் திரும்பிய ஊர்வனவற்றில் தனியொரு கிளை. பிற்காலத்தில் அந்த எலும்புகளை 'பிளாட்டிப்டெரிஜியஸ்' என்ற வேறு பேரினத்தில் சேர்த்தார்கள். பிறகு, சில முதுகெலும்புகளை மட்டும் கொண்டு தனி இனம் என்று சொல்ல முடியாது என ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே ஒதுக்கி வைத்தார்கள். எஸ்.பி.எம். தேர்வுக்கு நாம் மனப்பாடம் செய்யும் வகைப்பாட்டுப் பட்டியல், உண்மையில் இப்படித் திருத்தித் திருத்தி எழுதப்பட்டதுதான்.

"நம்ம ஈப்போ மலையில மோசசாரஸ் கிடைக்குமா?" என்று தம்பி கேட்டான். அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளும் கடலில் உருவானவையே. ஆனால் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. மோசசாரஸ் குடும்பம் தோன்றியதே சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது அழிந்துவிட்டது. ஆகவே மோசசாரஸ் அங்கே கிடைக்காது. அதைவிடப் பழைய பவளங்கள், சிப்பிகள் போன்றவற்றின் புதைபடிவங்கள் கிடைக்கும்.

அந்தக் குன்றுகள் சிலவற்றில் இன்றும் கல் உடைக்கிறார்கள். மாஸ்ட்ரிக்டில் கல் வெட்டிய இடத்தில் யாரோ ஒருவர் நின்று பார்த்ததால்தான் மோசசாரஸ் நமக்குக் கிடைத்தது. பார்க்க ஆளில்லாவிட்டால் எல்லாம் வெறும் ஜல்லிதான். குன்றுப் பக்கம் போகும்போது பாறையில் ஏதாவது வடிவம் தெரிந்தால், பெயர்த்து எடுக்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஈப்போவில் உள்ள புவியியல் அருங்காட்சியகத்தில் கேளுங்கள். இது என்ன என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள்; எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.