இணையமும் நம் கடமையும்

ஊர் நடுவே ஒரு பொதுக்கிணறு இருக்கிறது. அதன் நீரை அனைவரும் பருகுகின்றனர். எவனோ ஒருவன் இரவில் வந்து அதில் நஞ்சைக் கலந்துவிட்டால் ஊரார் என் செய்வர்? கிணற்றைத் தூர்த்துவிடுவரோ? தூர்க்க மாட்டார், நீரை இறைத்துத் தூய்மை செய்வர், காவலும் வைப்பர். இணையமும் இத்தகையதொரு பொதுக்கிணறே ஆகும்.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பெற்றது. அன்று சில நகரங்களில் சிலரே பயன்படுத்திய அவ்வசதி, இன்று சிற்றூர் மாணவரின் கைக்கும் வந்துவிட்டது. பாடம் கற்கவும், தொலைவில் உள்ள உறவினரோடு உரையாடவும் அது உதவுகின்றது. ஆயின் அதே கருவியைக் கொண்டு பிறரை வருத்துவோரும் உளர்.

ஒருவரை இழிவுபடுத்தவோ அச்சுறுத்தவோ கருதி, கைப்பேசி, கணினி முதலியவற்றின் வழியாக மீண்டும் மீண்டும் செய்யப்படும் தீங்கினை இணையவழித் துன்புறுத்தல் என்பர். ஏளனப் பெயர் சூட்டுதல், பொய்ச்செய்தி பரப்புதல், படத்தைத் திரித்து அனுப்புதல், பிறர் பெயரால் போலிக் கணக்குத் தொடங்குதல், ஒருவரை மட்டும் வேண்டுமென்றே குழுவிலிருந்து விலக்கி வைத்தல் ஆகிய யாவும் இதன்பாற்படும்.

புறங்கூறுதல் புதிதன்று. அதனைக் கண்டிக்கவே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் இணையம் அப்பழைய தீமைக்குப் புதிய வலிமை தந்துள்ளது. பள்ளி முற்றத்தில் எழுந்த ஏளனம் மாலை மணி அடித்ததும் ஓரளவு ஓயும். வீடு அடைக்கலம் தரும். கைப்பேசியில் வரும் ஏளனமோ வீட்டினுள்ளும் புகும். நள்ளிரவிலும் உறங்க விடாது. எதிரில் நின்று பேசுவோன் கேட்போர் கண்ணில் நீர் துளிர்த்தால் நாணி நிறுத்தவும் கூடும். திரைக்குப் பின் இருப்போன் அக்கண்ணீரைக் காண்பதில்லை. மேலும், வாய்ச்சொல் காற்றோடு போகும். இணையத்தில் இட்டதோ பலர் கைக்குப் போய்ப் பலகாலம் நிற்கும்.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். பள்ளி விழாவில் பாடிய மாணவி ஒருத்தியின் குரல் இடையில் தழுதழுத்தது. அதனைப் பதிவு செய்த மாணவன் ஒருவன், கேலிச் சொற்களைச் சேர்த்து வகுப்புக் குழுவில் இட்டான். அவ்விருவரும் நீங்கலாகக் குழுவில் முப்பத்தெண்மர் இருந்தனர். அவருள் சிரித்தவர் பதின்மர். பிறர்க்கு அனுப்பியவர் எண்மர். கண்டும் வாய் திறவாதவர் இருபதின்மர். தீங்கு தொடங்கியவன் ஒருவனே. ஆயினும் அம்மாணவியின் கண்ணுக்கு முப்பத்தொன்பதின்மரும் ஒருங்கே பகைவராய்த் தோன்றினர். அவ்விருபதின்மருள் ஒருவரேனும், "இது தகாது, நீக்கிவிடு" என்று எழுதியிருந்தால் எவ்வளவு ஆறுதலாய் இருந்திருக்கும்!

அங்ஙனம் வாய் திறந்தோர் வரலாறு ஒன்று உண்டு. கனடா நாட்டு நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து பள்ளிக்கு வந்தான். சிலர் அவனை எள்ளி நகையாடி அச்சுறுத்தினர். செய்தி அறிந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இருவர், அன்று மாலையே கடைக்குச் சென்று அதே நிறத்தில் 50 சட்டைகளை வாங்கினர். இணையத்தின் வாயிலாகவே தோழர்களுக்குச் செய்தி அனுப்பினர். மறுநாள் பள்ளியெங்கும் இளஞ்சிவப்பு நிறம் பரவியிருந்தது. எள்ளியோர் தலைகுனிந்தனர். எவரையும் வையாமலும் அடிக்காமலும் அவ்விருவர் அவனுக்குத் துணை நின்றனர். இன்று கனடாவில் பிப்ரவரித் திங்களில் ஒரு நாள் இதன் நினைவாகக் கொண்டாடப்படுகின்றது. இணையம் துன்புறுத்தவும் உதவும். துணை திரட்டவும் உதவும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, துன்புற்றவர் செய்ய வேண்டுவன யாவை? சினம் கொண்டு மறுமொழி எழுதுதல் கூடாது. அது எரியும் தீயில் நெய் வார்ப்பதாகும். வந்த செய்தியை அழித்தலும் கூடாது, அதுவே சான்று. திரையில் தோன்றுவதைப் படமாகப் பதிந்து, நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும். பின்னர் அனுப்பியவரின் கணக்கைத் தடுத்து, அச்செயலியை நடத்துவோருக்கு முறையீடு செய்ய வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் கூறுதலாகும்.

பலர் கூறாமல் மறைப்பது ஏன்? "வீட்டில் சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள், என்னையே வைவார்கள்" என்னும் அச்சமே காரணம். ஆதலின் பெற்றோர்க்கும் இங்கே கடமை உண்டு. குழந்தை கூறுவதை முழுமையும் கேட்டல் வேண்டும். "நீ ஏன் அங்கே சென்றாய்?" என்று தொடங்காமல், "என்னிடம் சொன்னது நல்லதாயிற்று" என்று தொடங்கல் வேண்டும். முதன்முறை வைதால், இரண்டாம் முறை குழந்தை வாய் திறவாது.

முன்பின் அறியாதார் இணையத்தில் நட்புக் காட்டி அந்தரங்கப் படத்தைக் கேட்டுப் பெற்று, பின்பு பணம் கேட்டு மிரட்டுவதும் உண்டு. ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பர். ஆதலின் கொடுத்தல் ஆகாது. இதனைத் தடுக்க 2023-ஆம் ஆண்டு முதல் 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவை நடைபெறுகின்றது. பதினெட்டு வயதிற்கு முன் எடுத்த படத்திற்கு, அப்படத்தை எவர்க்கும் அனுப்பாமலே, கைரேகை போன்றதோர் எண்கோவை உருவாக்கப்படும். சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அதனை ஒப்பிட்டுப் படத்தைக் கண்டு நீக்கும்.

சட்டமும் துணை நிற்கின்றது. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துதல், ஒருவரின் அந்தரங்கப் படத்தை இசைவின்றி வெளியிடுதல் ஆகியவற்றிற்கு, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இடர்ப்பட்ட குழந்தைகள் 1098 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். இணையக் குற்றங்களைத் தெரிவிக்க 1930 என்னும் எண் உள்ளது.

வருமுன் காத்தலே அறிவுடைமை. கடவுச்சொல்லை உயிர்த்தோழனுக்கும் உரையாதீர்கள். வீட்டு முகவரியையும் பள்ளியின் பெயரையும் யாவரும் காண எழுதாதீர்கள். பிறர் படத்தை அவர் இசைவின்றி அனுப்பாதீர்கள். அனுப்புமுன், "இச்சொல்லை அவர் முகத்தெதிரே நின்று கூறுவேனா?" என்று உங்கள் நெஞ்சைக் கேளுங்கள்.

மாணவர்களே! பொதுக்கிணற்றில் நஞ்சு கலப்போர் சிலரே, பருகுவோர் பலர். அப்பலரும் கண்டும் காணாதார் போல் இருந்தால் நஞ்சே வெல்லும். நாளை உங்கள் குழுவில் ஒருவரை எள்ளும் செய்தி வரலாம். அதனைப் பிறர்க்கு அனுப்பாமல் உங்களோடு நிறுத்துங்கள். துன்புற்றவரைத் தனியே அழைத்து, "நான் உன்னோடு இருக்கிறேன்" என்று ஒரு சொல் கூறுங்கள். அவர் வீட்டார்க்கோ ஆசிரியர்க்கோ தெரிவிக்கத் துணை செல்லுங்கள். ஒருவர் உயிரையும் காக்கவல்லது அத்துணை.