16 லட்சம் விண்ணப்பங்கள், 17,500 சீட்டுகள்

2009-ஆம் ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குச் சுற்றுலா சென்றவர்கள் சுதந்திர தின வாணவேடிக்கையை எதிர்பார்த்துப் போனார்கள். அந்நகரமோ வேறொரு நாளுக்காகப் பதற்றத்துடன் காத்திருந்தது. ஜூன் 25 அன்று மறைந்த பாப் இசைக் கலைஞர் மைக்கேல் ஜாக்சனுக்கு ஜூலை 7 அன்று நகர மையத்திலுள்ள ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் நினைவஞ்சலி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. லட்சக்கணக்கானோர் திரளக்கூடும் என்பது அதிகாரிகளின் அச்சம்.

அதுவரை அஞ்சலி செலுத்த வந்தவர்களுக்குச் சென்று சேர ஓர் இடம் இல்லை. உடல் அடக்கம் செய்யப்படவில்லை. கலைஞரின் புகழ்பெற்ற நெவர்லாண்ட் பண்ணையோ காரில் இரண்டு மணி நேரத்துக்கும் அப்பால் இருந்தது. எனவே என்சினோவிலுள்ள குடும்ப வீட்டின் வாயிலிலும், ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரத்தின் மீதும் மலர்கள் குவிந்தன. மரணச் செய்தி வந்த அன்று ஒரு திரைப்பட விழாவுக்காக விரிக்கப்பட்ட கம்பளம் அந்த நட்சத்திரத்தை மறைத்திருந்தது. அதனால், அதே பெயருடைய வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் நட்சத்திரத்தைச் சூழ்ந்து ரசிகர்கள் அழுதார்கள். அவர் அப்போது உயிருடன் இருந்தார்.

சிதறிய கூட்டத்தால் நகருக்கு ஆபத்தில்லை. ஒரே வாயிலை நோக்கி ஒரே நேரத்தில் நகரும் கூட்டமே உயிரைப் பறிக்கும். இதை உணர்ந்துதான் அனுமதிச் சீட்டுகள் இணையவழிக் குலுக்கலில் விடப்பட்டன. ஏறத்தாழ 16 லட்சம் பேர் பதிவு செய்தனர். தேர்வானவர்கள் 8,750 பேர். ஆளுக்கு இரண்டு சீட்டுகள். அரங்கில் 11,000 பேர், எதிரிலிருந்த நோக்கியா தியேட்டரில் 6,500 பேர் என்று இடம் பிரிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், சீட்டு வழங்கிய இடம். முந்தைய நாளே, அரங்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள டாட்ஜர் மைதானத்தில் சீட்டும் மணிக்கட்டுப் பட்டையும் வழங்கப்பட்டன. விசாரிப்பும் ஏமாற்றமும் அங்கேயே முடிந்துவிட்டன. ஊர்வலம் இல்லை என்றும், அரங்குக்கு வெளியே பெரிய திரையில் நிகழ்ச்சி காட்டப்படாது என்றும் முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். சீட்டில்லாதவர்கள் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பார்க்கலாம் என்று காவல்துறை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. வந்தாலும் காண ஒன்றுமில்லை என்பதைவிட வலிமையான தடுப்பு வேலி கிடையாது.

வெளியில் திரண்டது எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியே. அமெரிக்காவில் மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தனர். அன்று விடியுமுன் அந்த அரங்கை நோக்கி யானைகளும் நடந்து வந்தன என்பது பலருக்குத் தெரியாது. மறுநாள் அங்கு சர்க்கஸ் தொடங்கவிருந்தது. வாடகை அரங்குக்குத் துக்கமும் ஒரு முன்பதிவுதான்!

கூட்டம் வராததால் செலவு குறைந்துவிடவில்லை. வரக்கூடிய கூட்டத்தைக் கணக்கிட்டுத்தான் காவலர்களை நிறுத்த வேண்டியிருந்தது. நகரின் செலவு சுமார் 14 லட்சம் டாலர். கலிபோர்னியா மாநில அரசே கையில் பணமில்லாமல் அந்த வாரத்தில்தான் கடன்பத்திரங்களை வழங்கத் தொடங்கியிருந்தது. நகர நிர்வாகமோ ரசிகர்களிடம் இணையத்தில் நன்கொடை கேட்டது. கிடைத்தது சொற்பமே. பொதுமக்களின் துக்கத்துக்குப் பொதுப்பணத்தில் பாதுகாப்பு அளிப்பதில் தவறில்லை. ஆனால், இடத்தையும் நேரத்தையும் வகுத்தது ஒரு தனியார் நிறுவனம். ஜாக்சனின் லண்டன் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்திருந்ததும் அதே குழுமம்தான். செலவை யார் ஏற்பது என்பதை அனுமதி தருமுன்பே பேசி முடித்திருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் பல மாதங்கள் வாதாடிய பிறகே, அரங்கத் தரப்பிலிருந்து அத்தொகையின் பெரும்பகுதி நகரின் கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது.